கேமரா படம் சரியில்லையா? குமரி மாவட்டத்துல எனக்கு திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

நாகர்கோவிலைச் சுத்தி கேமரா மாட்டுறதுதான் எனக்க வேலை. மாட்டிட்டு வந்து பத்து நாள் ஆகாது, போன் வந்துரும், "கேமரா கொள்ளாது, மாத்தித் தாங்க"ன்னு. போய்ப் பாத்தா பெரும்பாலும் கேமராவுக்கு ஒரு கேடும் இருக்காது, ஒண்ணு செட்டிங்ஸ், இல்லன்னா கண்ணாடில அழுக்கு. ஒரே பதிலை நூறு தடவ போன்ல சொல்லி வாய் வலிச்சதால இங்க எழுதிப் போடுறேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியேதான் இருக்கு. நெட்வொர்க்ல ஓடுற ஐபி கேமராவுக்குத்தான் இது, பழைய அனலாக் கேமராவுக்கு பாதிதான் பொருந்தும்.

அண்ணே, இந்த செட்டிங்ஸ் எல்லாம் எங்க கெடக்கு? போன் ஆப்ல தேடிப் பாத்தேன், காணல.

ஆப்ல கொஞ்சம்தான் இருக்கும், படத்தை தலைகீழா திருப்புறது, ராத்திரி பகல் மாத்துறது, அம்புட்டுதான். முழு மெனு வேணும்னா ரெண்டு வழி. ரெக்கார்ட் பண்ற என்விஆர் பெட்டில டிவியும் மவுசும் மாட்டி கேமரா மெனுக்குள்ள போய் இமேஜ் பகுதிய திறக்கலாம். இல்லன்னா அதே ரூட்டர்ல இருக்கிற லேப்டாப்ல பிரவுசர் திறந்து கேமராவோட ஐபி நம்பரை அடிக்கலாம். புதுசா பெட்டில இருந்து எடுத்த ஹிக்விஷன் 192.168.1.64ல இருக்கும், தஹுவா 192.168.1.108. கேமரா வயரை நேரா என்விஆர் பின்னாடி உள்ள பிஓஇ போர்ட்ல (ஒரே வயர்ல கரண்டும் படமும் போற ஓட்டை) குத்தியிருந்தா லேப்டாப்ல இருந்து அந்த நம்பர் திறக்காது, ஏன்னா என்விஆர் அதுக்குன்னு உள்ள தனி நெட்வொர்க் வச்சிருக்கும், அப்ப பெட்டி வழியாத்தான் போகணும்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. எதையும் தொடுறதுக்கு முன்னாடி இப்ப இருக்கிற பக்கத்தை போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சிருங்க. பத்து ஸ்லைடரையும் இழுத்துப் போட்டுட்டு "பழையபடி ஆக்கித் தாங்க"ன்னு கூப்பிடுறவங்கதான் அதிகம்.

பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷன், ஷார்ப்னஸ், இதெல்லாம் எத்தன வைக்கணும்?

பொதுவா 0ல இருந்து 100 வரை இருக்கும், 50ல வந்திருக்கும். நான் பெரும்பாலும் 45க்கும் 60க்கும் நடுவுலதான் வைக்கிறது. நம்ம ஆளுங்க இருட்டா இருந்தா உடனே பிரைட்னஸை 90க்கு ஏத்துவாங்க, அதுல வெளிச்சம் ஒண்ணும் கூடாது மக்கா, கருப்பா இருந்த இடம் சாம்பல் ஆகும், அவ்வளவுதான், சட்டி கழுவின தண்ணி மாதிரி ஒரு படம் கெடைக்கும். வெளிச்சம் வேணும்னா ஒரு எல்இடி பல்பு போடணும், இல்ல ஷட்டர் பக்கம் போகணும், அத கீழ சொல்றேன்.

ஷார்ப்னஸ் 70 தாண்டினா மூஞ்சியச் சுத்தி சாக்பீஸால கோடு போட்ட மாதிரி வரும், ராத்திரில புள்ளி புள்ளியா இருக்கிறதையும் சேத்து கூர்மையாக்கித் தரும். சாச்சுரேஷனுக்கு, அதாவது கலரோட அடர்த்திக்கு, தோவாளைல ஒரு பூக்கடைல நடந்தது ஞாபகம் வருது. விடியக்காலம் யாவாரம், கடைக்கார அண்ணாச்சி செவ்வந்தி நல்லா மஞ்சளா தெரியணும்னு அத 100ல வச்சிருந்தார், மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் ஒரே கொழம்பா ஒட்டிக்கெடந்தது, எது எந்தக் கூடைன்னு அவருக்கே தெரியல. 55க்கு இறக்கி, வெள்ளையை வெள்ளையா காட்டுற ஒயிட் பேலன்ஸை ஆட்டோல இருந்து அந்தக் கடை லைட்டுக்கு ஏத்தபடி மாத்தினதும் கூடை கூடையா பிரிஞ்சு தெரிஞ்சுது.

பகல்ல நல்லா இருக்கு, ராத்திரி ஆனா படத்துல மணல் வாரி எறிஞ்ச மாதிரி இருக்கே?

வெளிச்சம் போதலன்னா கேமரா கெய்ன்னு ஒண்ணை ஏத்தும், பாட்டு மெல்லமா கேட்டா வால்யூம் கூட்டுற மாதிரி. வால்யூம் கூட்டினா இரைச்சலும் கூடும்ல, அதுதான் அந்த மணல். எக்ஸ்போஷர் பக்கத்துல கெய்னுக்கு ஒரு உச்ச அளவு இருக்கும், 100ல இருந்தா 60 அல்லது 50க்கு இறக்குங்க, படம் கொஞ்சம் இருட்டும், ஆனா சுத்தமா இருக்கும்.

அதுக்குப் பக்கத்துலயே டிஎன்ஆர்னு இருக்கும், இரைச்சலைத் துடைக்கிற வேலை. 50 பக்கம் போதும். அத முழுசா ஏத்தினா என்ன ஆகும்னு அடுத்த கேள்விலயே வருது.

ராத்திரி ஆளு நடந்து போனா ஆவி போற மாதிரி இழுபடுதே சார், 25 எஃப்பிஎஸ்தானே வச்சிருக்கு?

எஃப்பிஎஸ் வேற, ஷட்டர் வேற. எஃப்பிஎஸ்னா ஒரு செகண்டுக்கு எத்தனை படம்ங்கறது. ஷட்டர்னா அந்த ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ள விடுதுங்கறது. 25 படம் எடுத்தும் ஒவ்வொண்ணும் கலங்கலா இருந்தா என்ன பிரயோசனம். சாதாரணமா நடக்கிற ஆளு ஒரு செகண்டுக்கு 1.4 மீட்டர் போவாரு. ஷட்டர் 1/12ல இருந்தா ஒரு படம் முடியுறதுக்குள்ள 11 சென்டிமீட்டருக்கு மேல நகந்துருவாரு, மூக்கும் காதும் ஒண்ணா கலந்துரும். 1/50 வச்சா 3 சென்டிமீட்டருக்குள்ள நிக்கும்.

அதனால ராத்திரிக்கு ஆட்டோவை நம்பாம, ஷட்டர் 1/25ஐ விட மெதுவா (1/12 மாதிரி) போகாதபடி வைங்க, முற்றத்துல லைட் இருந்தா 1/50. இதையும் பண்ணி இன்னும் பின்னால வால் மாதிரி இழுத்தா குற்றவாளி டிஎன்ஆர். அது முந்தின படங்களோட ஒப்பிட்டுத்தான் துடைக்குது, கூட்டி வச்சா நகர்ற ஆளையும் இரைச்சல்னு நெனச்சு பாதி அழிச்சுரும்.

டியூப்லைட் போட்டா படத்துல பட்டை பட்டையா ஓடுது, கேமரா போயிட்டா?

போகல. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் செகண்டுக்கு 100 தடவ கூடிக் கொறையும், கண்ணுக்குத் தெரியாது. கேமரா 60 ஹெர்ட்ஸ்லயோ, அந்த 60 கணக்குல ஓடுற என்டிஎஸ்சி (NTSC) முறைலயோ இருந்தா ஷட்டர் 1/60, 1/30ன்னு போகும், லைட்டோட தாளத்துக்கு ஒத்து வராது, அதான் பட்டை. 50 ஹெர்ட்ஸ் அல்லது PALனு இருக்கிறதை தேர்ந்தெடுங்க, ஒரு தடவ ரீஸ்டார்ட் ஆகும்.

கடைக்குள்ள இருந்து வாசலைப் பாத்தா வாறவங்க மூஞ்சி எல்லாம் கரி மாதிரி இருக்கு.

மார்த்தாண்டத்துல மெயின் ரோட்டைப் பாத்த கடைகள்ல எல்லாம் இதே புகார்தான். வெளிய வெயில் கொளுத்துது, உள்ள நிழல், கேமரா வெயிலுக்கு கணக்கு பாத்து எடுக்குது, அதனால ஆளு கருத்துப் போறாரு. டபிள்யூடிஆர்னு இருக்கும், அத போடுங்க. வெளிச்சத்துக்கு ஒரு படம், நிழலுக்கு ஒரு படம்னு ரெண்டு எடுத்து ஒட்டித் தரும். 50ல ஆரம்பிச்சு பைய ஏத்துங்க. பிஎல்சிங்கறது வேற, அது நீங்க காட்டுற இடத்தை மட்டும் வெளிச்சமாக்கும், பின்னாடி ரோடு வெளுத்துப் போனா போகட்டும்னு விட்டுரும். நெறய கேமராவுல ரெண்டும் சேத்து போட முடியாது.

டபிள்யூடிஆரை ராத்திரியும் விட்டு வச்சா மேல சொன்ன மணலும் ஆவியும் சேந்து வரும். பகலுக்கு ஒரு செட்டிங், ராத்திரிக்கு ஒரு செட்டிங்னு தனித்தனியா சேவ் பண்ற வசதி நெறய மாடல்ல இருக்கு, அதுல ராத்திரிக்கு அத ஆஃப் பண்ணிருங்க. எல்லாத்துக்கும் மேல, கேமராவ வாசலுக்கு நேர் எதிர மாட்டாம பக்கவாட்டு சுவர்ல மாட்டினா இந்தப் பிரச்சினை பாதி அங்கயே தீரும்.

ராத்திரி முழுக்க படம் வெள்ளைப் பொகை பிடிச்ச மாதிரி இருக்கு, பகல்ல ஒண்ணும் இல்ல. எந்த செட்டிங் அண்ணே?

எந்த செட்டிங்கும் இல்ல, ஏணி எடுங்க. கேமராவச் சுத்தி இருக்கிற ஐஆர் லைட் (ராத்திரிக்கு எரியுற, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்) கண்ணாடில உள்ள அழுக்குல பட்டு திரும்ப லென்ஸுக்குள்ளயே வருது. கொளச்சல், முட்டம், கன்னியாகுமரி பக்கம் கடக்காத்துல உப்பு ஒரு தோல் மாதிரி படியும், பகல்ல தெரியவே தெரியாது. அத காஞ்ச துணியால தேய்க்கக் கூடாது, உப்பும் மணலும் சேந்து கண்ணாடில கீறிரும், கீறின டோம்ல, அதான் அந்த அரை உருண்டைக் கண்ணாடில, பொகை நிரந்தரமா தங்கிரும். மொதல்ல நல்ல தண்ணிய ஊத்தி கரைச்சு விடுங்க, அப்புறம் மெல்லிய துணியால ஒத்தி எடுங்க. முட்டத்துல ஒரு வீட்டுல நான் தண்ணி ஊத்தும்போது கண்ணாடில இருந்து வழிஞ்சது உதட்டுல பட்டுது, நல்ல கரிப்பு. மாட்டி மூணு மாசம்தான் ஆகியிருந்துது.

அடுத்த ஆளு சிலந்தி. ஐஆர் வெளிச்சத்துக்கு பூச்சி வரும், பூச்சிக்கு சிலந்தி வரும், ரெண்டுக்கும் சேத்து பல்லி வரும். லென்ஸுக்கு முன்னாடி ஒரே ஒரு இழை ஆடினாலும் ராத்திரில வெள்ளைக் கயிறு மாதிரி தெரியும், மோஷன் அலர்ட்டும் அடிச்சுட்டே இருக்கும். தொல்லை தாங்கலன்னா கேமராவோட ஐஆரை ஆஃப் பண்ணிட்டு நாலு அடி தள்ளி தனியா ஒரு ஐஆர் லைட் மாட்டுங்க, பூச்சியெல்லாம் அங்க போயிரும். டோம் கேமராவுல இன்னொண்ணு, லென்ஸைச் சுத்தி ஒரு ஸ்பாஞ்ச் வளையம் இருக்கும், அது கண்ணாடியோட ஒட்டி இருக்கணும், விலகினா உள்ளுக்குள்ளயே வெளிச்சம் சிதறும்.

பக்கத்துல வந்து நின்னா மூஞ்சி வெள்ளைக் காகிதம் மாதிரி ஆகிடுதே?

ஸ்மார்ட் ஐஆர் ஆஃப்ல கெடக்கும், ஆன் பண்ணுங்க, ஆளு பக்கத்துல வந்தா லைட்டை அதுவே கொறைக்கும். அப்பவும் வெளுத்தா பக்கத்துல வெள்ளைச் சுவரோ சன்ஷேடோ ஐஆரைத் திருப்பி அடிக்குதான்னு பாருங்க.

பைக் தெரியுது, ஆளு தெரியுது, நம்பர் பிளேட் மட்டும் வெள்ளையா இருக்கே?

பிளேட்டோட தாளே வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அடிக்கிற மாதிரி செஞ்சது, ஐஆர் பட்டா வெளுக்கத்தான் செய்யும். கூட ஓட்டம் வேற. மணிக்கு 40 கிலோமீட்டர்ல போற வண்டி செகண்டுக்கு 11 மீட்டர் போகும், 1/25 ஷட்டர்ல ஒரு படத்துக்குள்ள 44 சென்டிமீட்டர், பிளேட்டை விட அதிகம். 1/500 வச்சா 2 சென்டிமீட்டர் சொச்சம், அப்பதான் எழுத்து நிக்கும். ஹெட்லைட் கண்ணை அடிச்சா அந்தப் பளீர் வெளிச்சத்தை அமுக்குற எச்எல்சிய போடுங்க.

ஆனா 1/500ல வச்சா ராத்திரி சுத்து வட்டாரம் எல்லாம் கும்மிருட்டு ஆகிரும், பிளேட் மட்டும்தான் தெரியும். அதனால ஒரே கேமராவுல ஆளும் வேணும் பிளேட்டும் வேணும்னா நடக்காது, கேட்டுக்கு தனியா ஒண்ணு வைக்கணும். இத சொன்னா விக்கிறதுக்காக சொல்றான்னு நெனைக்கிறாங்க, நான் என்ன பண்ண.

4 மெகாபிக்சல்னு வாங்கினேன், ரெக்கார்டை ஜூம் பண்ணினா மூஞ்சி கட்டம் கட்டமா இருக்கு. ஷார்ப்னஸ் கூட்டினா சரியாகுமா?

ஆகாது, மேல சாக்பீஸ் கதை சொன்னேன்ல. 4 மெகாபிக்சல்னா குறுக்க 2560 புள்ளி. முன்பின் தெரியாத ஆளை மூஞ்சி பாத்து அடையாளம் சொல்ல மீட்டருக்கு 250 புள்ளி வேணும்னு ஒரு கணக்கு உண்டு, அப்ப படத்துல குறுக்க 10 மீட்டர் இடம்தான் அடங்கணும். சாதாரணமா மாட்டுற 2.8 எம்எம் லென்ஸ் ரொம்ப அகலமா பாக்கும், நாலு மீட்டர் தள்ளினாலே 10 மீட்டர் அகலம் வந்துரும். கேட் 12 மீட்டர் தள்ளி இருக்குன்னா ஆளு வந்தார்னு தெரியும், யார்னு தெரியாது. அங்க 8 எம்எம் லென்ஸ் பக்கம்தான் போகணும். இந்தக் கேமரா எத பாக்கணும்னு மாட்டுறதுக்கு முன்னாடி கேக்கிறது இதுக்காகத்தான், "எல்லாம் தெரியணும்"னு சொன்னா எல்லாம் தெரியும், ஒண்ணும் வெளங்காது.

எங்க ரப்பர் தோட்டத்து வீட்டுல சாயங்காலம் ஆனா கலர், கருப்பு வெள்ளை, கலர், கருப்பு வெள்ளைன்னு மாறிட்டே கெடக்கு, டிக் டிக்னு சத்தம் வேற.

குலசேகரம் பக்கத்துல இருந்து வந்த கேள்வி. அந்த டிக் சத்தம் லென்ஸுக்குப் பின்னாடி ஐஆர் கட் ஃபில்டர், அதான் ஐஆரைத் தடுக்கிற சின்னக் கண்ணாடி, நகர்றது. பகல்ல ஃபில்டர் உள்ள இருக்கும், இருட்டினா வெலகும், ஐஆர் எரியும். ரப்பர் மரத்துக்கடில மூணு நாலு மணிக்கே மங்கிரும்ல, கேமரா ராத்திரின்னு மாறும், பக்கத்து இலைல ஐஆர் பட்டு வெளிச்சம் கூடினதும் பகல்னு நெனைச்சு திரும்ப மாறும். டே நைட் பகுதில சென்சிடிவிட்டியும் ஃபில்டர் நேரமும் இருக்கும், நேரத்தை 5 செகண்டுல இருந்து 30க்கு மேல ஏத்துங்க, சென்சிடிவிட்டிய ஒரு படி மாத்திப் பாருங்க. அப்பவும் ஆடினா ஆட்டோவை விட்டுட்டு மணிக்கணக்கு போட்டு விடலாம். தை மாசம் பக்கம் ரப்பர் இலை உதிந்து தோட்டம் வெளிச்சமாயிரும், அப்ப ஒருக்கா திரும்ப பாக்கணும்.

ராத்திரி திருடன் வெள்ளை சட்டைன்னு கேமரா காட்டுது, பாத்த ஆளு கருப்பு சட்டைன்னு சொல்றாரே?

ரெண்டும் சரியா இருக்கலாம். ஐஆர் வெளிச்சத்துல துணிச் சாயம் வேற மாதிரி தெரியும், நம்ம கண்ணுக்குக் கருப்பா இருக்கிற பாலியஸ்டர் அதுல வெளுப்பா வரும், பச்சை இலை கூட வெள்ளையா தெரியுது பாருங்க. அதனால ராத்திரி ரெக்கார்டைப் பாத்து சட்டை கலர் சொல்லி யாரையும் கைகாட்டிராதீங்க.

இதோட ஒட்டின இன்னொரு கேள்வி, பகல்ல படம் ரோஸ் கலரா இருக்குங்கறது. ஒயிட் பேலன்ஸ்ல கெடந்து உருளாதீங்க, மேல சொன்ன ஃபில்டர் பாதில சிக்கியிருக்கும். டே, நைட், டேன்னு கையால அஞ்சாறு தடவ மாத்துங்க, சில நேரம் விடுபடும், இல்லன்னா சர்வீஸ்தான்.

இங்க ஆரல்வாய்மொழில காத்தடிச்சா படமே கட்டம் கட்டமா உடையுது, தென்னை ஆடினா போன்ல அலர்ட் வேற.

காத்தாடி நட்டு வச்சிருக்கிற ஊர்ல காத்தைக் குறை சொல்ல முடியாது. கேமரா ஒவ்வொரு படத்தையும் முழுசா அனுப்பாது, மாறின இடத்தை மட்டும்தான் அனுப்பும். மரம் முழுக்க ஆடினா மாறாத இடமே இல்ல, நீங்க கொடுத்த பிட்ரேட்டுக்குள்ள, அதாவது செகண்டுக்கு இவ்வளவு டேட்டாதான்னு வச்ச அளவுக்குள்ள, அடங்காம உடையுது. அந்த ஒரு கேமராவுக்கு மட்டும் விபிஆர் (தேவைக்கு ஏத்தபடி பிட்ரேட் கூடிக் கொறையுறது) போட்டு உச்ச அளவை கூட்டிக் கொடுங்க. கேமராவே ஆடினா செட்டிங் இல்ல, கிளாம்பை முறுக்கணும். அலர்ட்டுக்கு மோஷன் ஏரியாவுல தென்னையை விட்டுட்டு வழியை மட்டும் வரைஞ்சு விடுங்க.

1 டிபி ஹார்ட்டிஸ்க், நாலு கேமரா, அஞ்சு நாள்தான் நிக்குது. ஏமாத்திட்டாங்களா?

கணக்கு பாப்போம். ஒரு கேமராவோட பிட்ரேட் 4 எம்பிபிஎஸ், அதாவது செகண்டுக்கு 4 மெகாபிட்னா, எட்டு பிட் ஒரு பைட்டுங்கறதால செகண்டுக்கு அரை எம்பி, ஒரு மணிக்கூருக்கு 1.8 ஜிபி, ஒரு நாளைக்கு 43 ஜிபி. நாலு கேமராவுக்கு 173 ஜிபி. அஞ்சு நாள் சரியாத்தான் இருக்கு, யாரும் ஏமாத்தல.

படத்தைச் சுருக்குற முறை எச்.264ல இருந்தா எச்.265க்கு மாத்துங்க, அதே படத்துக்கு பாதிக்குப் பக்கத்துல பிட்ரேட் போதும். வீட்டுக்கு 25 எஃப்பிஎஸ் வேண்டாம், 12 இல்ல 15 தாராளம். 2 எம்பிபிஎஸ்க்கு வந்தா பத்து நாள் தாண்டும். மேல சொன்ன கெய்னையும் கொறைச்சிருந்தா ராத்திரிப் படம் இந்த அளவுக்குள்ள உடையாம நிக்கும், ஏன்னா அந்த மணல் ஒவ்வொண்ணும் மாறின இடம்னுதான் கேமரா கணக்கு பண்ணுது.

டிவில தெளிவா இருக்கு, போன்ல மட்டும் மங்கல்.

போன்ல சப் ஸ்ட்ரீம், அதான் கேமரா அனுப்புற சின்ன அளவு படம், ஓடுது. ஆப்ல எச்டின்னு அமுக்குங்க.

மாட்டும்போது நல்லா இருந்துது, இப்ப காலைல சூரியன் நேரா லென்ஸ்ல அடிக்குதே?

சூரியன் ஒரே இடத்துல உதிக்காதுல்லா. ஜூன்ல கிழக்குல இருந்து வடக்கே 23 டிகிரி தள்ளி, டிசம்பர்ல தெக்கே 23 டிகிரி தள்ளி உதிக்கும். நீங்க மாட்டினது ஜூன்ல, இப்ப டிசம்பர். டபிள்யூடிஆர் நேரா அடிக்கிற சூரியனுக்கு தாங்காது, கேமராவ கொஞ்சம் கீழ குனிய வச்சு மேல ஒரு தகடு நீட்டி விடுங்க, அதே தகடு ஆடி மழைக்கும் ஐப்பசி மழைக்கும் உதவும்.

பக்கத்து வீட்டு அக்கா அவங்க கெணத்தடி தெரியுதுன்னு சண்டைக்கு வாறாங்க.

அவங்க சண்டை நியாயம்தான். பிரைவசி மாஸ்க்னு இருக்கும், அந்த இடத்துல கருப்புக் கட்டம் வரைஞ்சா ரெக்கார்டுலயும் வராது. வரைஞ்சிட்டு அவங்களையே கூப்பிட்டு டிவில காட்டிருங்க.

எல்லாம் மாத்தியாச்சு, சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?

பகல்ல லைவ் பாத்து முடிவு பண்ணாதீங்க. மொதல்ல படத்து மேல ஓடுற நேரம் சரியான்னு பாருங்க, டைம் சோன் சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூடெல்லின்னு இருக்கிற 5:30ல இருக்கணும், இன்டர்நெட்ல இருந்து நேரத்தை சரி பண்ற என்டிபி ஆன்ல இருக்கணும், பத்து நிமிசம் தப்பா ஓடினா ஸ்டேஷன்ல அந்த ரெக்கார்டோட உங்களுக்கு நடைதான். அப்புறம் ராத்திரி ஒம்பது மணிக்கு மேல, வழக்கமா எரியுற லைட்டை மட்டும் விட்டுட்டு, வீட்டுல ஒருத்தரை கேட்ல இருந்து வாசல் வரை சாதாரணமா நடக்கச் சொல்லுங்க, ஒருக்கா வேகமாவும். லைவ் வேண்டாம், ரெக்கார்டைத் திறந்து நடுவுல நிறுத்திப் பாருங்க. மண்டைக்காடு பக்கம் ஒரு வீட்டுல இப்படித்தான் பாட்டாவை நடக்க விட்டோம், நிறுத்திப் பாத்தா மூஞ்சி நல்லா விழுந்துருக்கு, கைல பீடியும் விழுந்துருக்கு. அந்த ரெக்கார்டை மட்டும் அழிச்சுத் தான்னு பாட்டா இப்பவும் போன் பண்றாரு.